மாதச் சம்பள வேலை, வார இறுதி மேடை: மெல்லிசைக் குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பகலில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குழுவில் மின்வாரிய ஊழியர், பள்ளி ஆசிரியை, செல்போன் பழுது பார்ப்பவர், பால் சங்கத்தில் வேலை செய்பவர் என்று பலரும் இருக்கிறார்கள். இசையை நம்பி அடுப்பெரிய வேண்டிய நிலையில் ஒருவரும் இல்லை. கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும் நேரத்தில் மேடைக்குப் பின்னால் வந்து நின்று கேட்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அந்த நேரத்தில் பொறுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

தொழில்முறைக் குழுவுக்கும் உங்களைப் போன்ற குழுவுக்கும் என்ன வித்தியாசம்?

அவர்களுக்குக் கச்சேரி பிழைப்பு. எங்களுக்குக் கச்சேரிக்காக விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் பெரிய குழுக்கள் சொந்த ஒலி அமைப்பு, விளக்கு, பின்திரை, தொலைக்காட்சியில் முகம் காட்டிய பாடகர்கள் என்று லாரியோடு இறங்குவார்கள். நாங்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பணி நிறைவுப் பாராட்டு, பள்ளி ஆண்டு விழா, கிராமத்து மாரியம்மன் பண்டிகை ஆகியவைதான் எங்கள் எல்லை. அந்த எல்லைக்குள் ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது.

ஒரு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும்?

வண்டியில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது வண்டி எடுத்த அன்று வருமானம் போய்விடும்.

கீபோர்டு ஒன்று, ரிதம் பேட் ஒன்று, தபேலாவோ டோலக்கோ ஒன்று, பேஸ் கிட்டார், இரண்டு ஆண் குரல், இரண்டு பெண் குரல். இதுவே போதும். லீட் கிட்டாரும் புல்லாங்குழலும் கிடைத்தால் அதிர்ஷ்டம். முன்பு டிரம்ஸ், காங்கோ, டிரிபிள் காங்கோ, தபேலா என்று தாளத்துக்கு மட்டும் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது ரிதம் பேடின் எட்டுச் சதுரங்களில் அத்தனை ஒலியும் அடங்கிவிட்டது. குச்சி வைத்துத் தட்டுகிறவர் ஒருவர். மற்ற மூவர் வீட்டில். செலவு குறைந்தது உண்மை. ஆனால் மேடையைப் பார்ப்பவனுக்கு அதில் பாதி சுகம் போய்விட்டது. காரிமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் மேடையேறி, ரிதம் பேட் நிற்கும் தாங்கியைச் சுற்றி வந்து, அடியில் குனிந்து பார்த்து, தபேலாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். எங்கள் ரிதம் பேட் கலைஞர் ஒரு சதுரத்தைத் தட்டித் தபேலாவும் அடுத்ததைத் தட்டிப் பம்பையும் காட்டினார். பையன் நம்பவில்லை. நான்கு பாட்டு முடியும்வரை மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எப்படியும் ஒரு தோல் கருவியாவது குழுவில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

பாடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். வாசிப்பவர்கள் ஏன் கிடைப்பதில்லை?

கைப்பேசியில் கரோக்கி வந்த பிறகு பாடகருக்கு வாத்தியக்காரர் தேவையில்லை என்று ஆகிவிட்டது. வாசிக்கக் கற்க ஆண்டுக் கணக்கில் ஆகும். கருவிக்குப் பணம் வேண்டும். சுவரொட்டியில் பெயர் வராது. பிறகு எப்படிக் கிடைப்பார்கள்?

தேட வேண்டிய இடங்கள் உண்டு. கிட்டாரும் டிரம்ஸும் பெரும்பாலும் தேவாலயப் பாடகர் குழுவில் கிடைக்கும். ஞாயிறுதோறும் கூட்டத்துக்கு முன் வாசித்துப் பழகிய பிள்ளைகள், நேரத்துக்கு வருவார்கள். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் படிப்பு. அங்கே மிருதங்கம் படித்த பையன் ஒரு மாதத்தில் டோலக்குக்கு மாறிவிடுவான். பம்பை வாசிக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் பல ஊர்களில் இருக்கின்றன. அந்தக் கைகளுக்கு உள்ள தாளத் தெளிவு எந்த வகுப்பிலும் வராது. அவர்களை அழைப்பதென்றால், ‘கிராமியப் பாட்டுக்கு மட்டும்’ என்று ஓரத்தில் நிறுத்திவைக்க அழைக்காதீர்கள்.

பெண் குரல்தான் பெரிய சிக்கல். குரலுக்குப் பஞ்சமில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புவதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்காது. கணவரோ தம்பியோ கூட வந்தால் வண்டியில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். திரும்பும்போது முதலில் அவர்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கட்டும், அது சுற்றுவழியாக இருந்தாலும். உடை மாற்ற ஓர் அறை, கதவுக்குத் தாழ்ப்பாள், தண்ணீர் வரும் கழிப்பறை ஆகிய மூன்றையும் விழாக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இதைச் செய்யாத குழுக்களில் பாடகிகள் ஏன் நிலைப்பதில்லை என்று ஆண்கள் கூடி ஆராய்வதைக் கேட்டிருக்கிறேன்.

ஒத்திகைக்கு இடம்?

வீட்டில் முடியாது. மூன்றாவது ஞாயிறே பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள். கல்யாண மண்டபத்து மாடி, முகூர்த்தம் இல்லாத நாட்களில் கிடைக்கும். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் மாங்கூழ் ஆலைகளின் கிடங்கைக் கேட்டுப் பாருங்கள். மாம்பழப் பருவம் முடிந்தால் அடுத்த கோடைவரை பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். தகரக் கூரைக்குக் கீழே ஒலி எதிரொலித்துக் குழம்பும். பழைய கோணிப்பைகளைக் கயிறு கட்டி மூன்று பக்கமும் தொங்கவிட்டால் பாதி சரியாகும். மாங்கூழ் வாசனை போகாது.

ஒத்திகையில் முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும்?

தொடக்கத்தையும் முடிவையும். நடுவில் ஒரு சரணத்தை விழுங்கினாலும் கூட்டம் கவனிக்காது. தொடக்கத்தில் நான்கு பேர் நான்கு விதமாக நுழைந்தாலோ, முடிவில் ஒருவர் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாலோ பச்சைக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது சத்தம். ஒத்திகையில் பாடகர் மைக் இல்லாமல் பாட வேண்டும்; அவர் குரல் கேட்கும் அளவுக்குத்தான் மற்றவர்கள் வாசிக்க வேண்டும். எங்கள் குழுவில் இது எழுதாத சட்டம். கிட்டார்காரர் தன் ஒலி தனக்குக் கேட்கவில்லை என்று ஒரு புள்ளி ஏற்றுவார். கீபோர்டுக்காரர் இரண்டு புள்ளி ஏற்றுவார். அரை மணி நேரத்தில் பாடகர் தொண்டை கட்டி உட்கார்ந்துவிடுவார். குழுக்கள் உடையும்போது வெளியில் ஆயிரம் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை இரண்டுதான்: சத்தமும் கணக்கும். கணக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, பாட்டை மூலப் பதிவில் காதால் கேட்டு எழுதிக்கொள்வது. முகப்பிசை எத்தனை ஆவர்த்தனம், முதல் இடையிசையில் வயலின் கூட்டம் எங்கே நின்று புல்லாங்குழல் எங்கே தொடங்குகிறது, இரண்டாம் சரணத்துக்கு முன் தாளம் மாறுகிறதா. இணையத்தில் கிடைக்கும் சுருதிக் குறிப்புகளில் பாதி தவறு. தமிழ்த் திரையிசையில் பேஸ் கிட்டார் சும்மா அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டிருப்பது குறைவு. தனி மெட்டாகவே ஓடும் பாட்டுகள் எத்தனையோ. அதைக் கேட்காமல் நான்கு சுரத்தில் ஒப்பேற்றினால் பாட்டு எலும்பு முறிந்து நிற்கும். இதில் எனக்குச் சொந்தப் பிடிவாதம் உண்டு, தெரிந்தேதான் சொல்கிறேன்.

மூலப் பாட்டின் சுருதியிலேயே பாட வேண்டுமா?

வேண்டாம். திரைப்பாட்டின் சுருதி அந்தப் பின்னணிப் பாடகரின் தொண்டைக்கு அமைந்தது. நம் ஆளுக்கு எது எட்டுமோ அதுதான் சரி. அரைச்சுரமோ ஒரு சுரமோ இறக்கினால் யாரும் குறை சொல்வதில்லை. உச்சத்தில் கத்திக் குரல் உடைந்தால் ஊரே சொல்லும்.

டூயட்டில்தான் தகராறு. ஆணுக்கு இறக்கினால் பெண்ணுக்கு அடிக்குரல் எட்டாது; பெண்ணுக்கு ஏற்றினால் ஆண் கழுத்து நரம்பு புடைக்கும். இருவருக்கும் பொருந்தாத டூயட்டைப் பட்டியலிலிருந்து தூக்குவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று: கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி தானாக மாறும். முந்தைய பாட்டுக்கு இறக்கியதைக் கீபோர்டுக்காரர் மறந்துவிட்டால், அடுத்த பாட்டில் கீபோர்டு ஒரு சுருதியிலும் கிட்டார்கள் வேறு சுருதியிலும் கிளம்பும். அந்த இரண்டு விநாடியில் மேடையில் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள். கூட்டத்தில் நாய் குரைக்கும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் கீபோர்டுக்காரர் ஒரு சுரத்தைத் தட்டிக் காட்டுவதைப் பழக்கமாக்குங்கள்.

மைக்செட்காரரை எப்படிச் சமாளிப்பது?

சமாளிக்காதீர்கள், சேர்ந்துகொள்ளுங்கள். கிராமத்தில் ஒலி அமைப்பு விழாக் குழு ஏற்பாடு செய்தது. நம் ஆள் அல்ல. காலையிலிருந்து பக்திப் பாட்டுப் போட்டு, அறிவிப்புச் சொல்லி, நன்கொடைப் பட்டியல் வாசிக்கவைத்து அவர் களைத்திருப்பார். இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். முதலில் அவரோடு ஒரு டீ. பிறகு உங்கள் தேவையைச் சொல்லுங்கள்: இத்தனை மைக், இத்தனை ஜாக், மேடையைப் பார்த்தபடி ஒரு மானிட்டர் பெட்டி.

மானிட்டர் ஏன் முக்கியம்? ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். தெருக்கோடியில் 170 மீட்டர் தூரத்தில் விளக்குக் கம்பத்தில் கட்டிய பெட்டியின் ஒலி மேடைக்குத் திரும்பி வர அரை விநாடி ஆகும். வேகமான குத்துப் பாட்டில் அரை விநாடி என்பது முழுதாக ஒரு தட்டு. தங்கள் ஒலி முன்னால் கேட்கவில்லை என்றால் வாசிப்பவர்கள் அந்தத் தெருக்கோடி ஒலியைப் பின்பற்றத் தொடங்கிவிடுவார்கள். பாட்டு நடை தளர்ந்துகொண்டே போகும்.

எக்கோவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அறிவிப்புக்கு அழகாக இருக்கும். பாட்டில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அவர் குறைப்பார், நீங்கள் மேடைக்குப் போனதும் மறுபடி ஏற்றுவார்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாதது எர்த். ஜெனரேட்டரிலோ கோயில் இணைப்பிலோ எர்த் சரியாக இல்லாதபோது, கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும் பாடகருக்குச் சுரீர் என்று அடிக்கும். கை ஈரமாக இருந்து, கால் ஈரமண்ணில் இருந்தால் உயிருக்கே ஆபத்து. டெஸ்டர் ஒன்று உங்கள் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். மைக்கின் வலையிலும் கிட்டார் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். மினுக்கென்றால் சரிசெய்யும்வரை வாசிக்காதீர்கள். விழாக் குழுத் தலைவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எங்கள் மின்வாரிய நண்பர் குழுவுக்குச் செய்யும் மிகப் பெரிய தொண்டு பாடுவது அல்ல, இதுதான்.

எர்த் கோளாறில் வரும் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டத்தில் வரும் ‘ஜி’ சுரம் விநாடிக்கு 49 அதிர்வு. உறுமல் அதற்குச் சற்று மேலே நின்றுகொண்டு, ‘ஜி’ சுருதியில் அமைந்த பாட்டு முழுவதையும் புளிக்கவைக்கும்.

இரவு 10 மணிக்கு மேல் வாசிக்கலாமா?

திறந்தவெளியில் கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்; அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் கூடாது. ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அதை வாங்குவது விழாக் குழுவின் பொறுப்பு. கச்சேரி பேசும்போதே ஒப்பந்தத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காவலர் வந்து நிறுத்தினால் பேசிய பணத்தில் பிடித்தம் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சட்டம் இப்படி, ஊர் நடப்பு வேறு. ஏழு மணிக்குக் கச்சேரி என்று அச்சடித்திருப்பார்கள். தீபாராதனை, பிரசாதம், முக்கியப் புள்ளிகளுக்குப் பொன்னாடை, நன்கொடையாளர் பெயர்கள், ஒரு நீண்ட உரை எல்லாம் முடிய எட்டே முக்கால் ஆகும். கையில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம். ஆகவே உங்கள் நல்ல பாட்டுகளைக் கடைசிக்கு வைக்காதீர்கள். ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள்.

எந்தப் பாட்டுகளை எந்த வரிசையில்?

விநாயகர், பிறகு அந்த ஊர்த் தெய்வம். மாரியம்மன் பண்டிகையில் முருகனோடு நின்றுவிட்டால் முன் வரிசைப் பாட்டிகள் விடமாட்டார்கள். அதன் பிறகு பழைய பாட்டுகள். பெரியவர்கள் விழித்திருக்கும் நேரம் அது. இளைஞர்கள் எட்டரையிலிருந்தே மேடையின் இடப் பக்கம் திரண்டு நிற்பார்கள். அவர்களுக்குக் குத்துப் பாட்டு தரும்வரை துண்டுச் சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

ஓசூர், சூளகிரி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டை என்றால் தெலுங்கும் கன்னடமும் இல்லாமல் போகாதீர்கள். நான்கைந்து பாட்டுகளாவது வேண்டும். சொற்களைத் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு பாடுபவர், அந்த மொழி பேசும் ஒருவரிடம் முன்பே பாடிக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். முன் வரிசையில் இருப்பவர்களின் தாய்மொழி அது.

சாதிப் பெருமை பேசும் பாட்டும் கட்சிப் பாட்டும் கிடையாது என்று ஒப்பந்தம் பேசும்போதே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். மேடையில் சீட்டு வந்த பிறகு மறுத்தால் வம்பு. ஒரு பாட்டுக்குக் கைகலப்பு ஆகி, பண்டிகையே நின்றுபோன கதைகள் நம் மாவட்டங்களில் புதிதல்ல. ‘பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்’ என்ற ஒரே வாக்கியம் பல இரவுகளைக் காப்பாற்றும்.

சினிமாப் பாட்டை மேடையில் வாசிக்கக் காப்புரிமை அனுமதி வேண்டாமா?

இது நல்ல கேள்வி. அதிகம் பேர் கேட்பதில்லை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் சில விலக்குகள் இருக்கின்றன. தொழில்முறை அல்லாத கலைஞர்களின் மன்றமோ சங்கமோ, கட்டணம் செலுத்தாத பார்வையாளர்கள் முன் நடத்தும் நிகழ்ச்சி மீறல் ஆகாது; சமய நிறுவனத்தின் நலனுக்காக நடத்தினாலும் அப்படியே. உண்மையான சமயச் சடங்குகளுக்கும் அரசு விழாக்களுக்கும் தனி விலக்கு உண்டு. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் சமயச் சடங்கில் அடங்கும் என்று விளக்கமே இருக்கிறது. ஓட்டலில், டிக்கெட் போட்ட அரங்கில், நிறுவன விருந்தில் என்றால் உரிமம் தேவைப்படும்; அதை ஏற்பாட்டாளர் வாங்கட்டும். கச்சேரி வீடியோவை இணையத்தில் ஏற்றுவது முற்றிலும் வேறு விவகாரம். அங்கே இந்த விலக்கைக் காட்டி வாதாடாதீர்கள்.

பணம் எவ்வளவு வரும்?

கையைக் கடிக்காமல் இருந்தால் மகிழ்ச்சி. ஒரு பேச்சுக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேன் 3,500, வாடகைக் கருவிகள் 2,000, சாப்பாடு, டீ 1,500, கச்சேரி பிடித்துக் கொடுத்தவருக்கு 2,000, குழுவின் பொதுநிதிக்கு 1,000. மீதி 10,000. பத்துப் பேர் என்றால் தலைக்கு ஆயிரம். கீபோர்டுக்காரர் சொந்தமாகப் பெரும் தொகை போட்டுக் கருவி வாங்கியிருப்பார். பாடகர் வெறுங்கையோடு வருவார். இருவருக்கும் அதே ஆயிரமா? இங்கேதான் குழுக்கள் உடைகின்றன.

எங்கள் வழக்கம் இது: சம பங்கு; கருவிப் பழுதுச் செலவு பொதுநிதியிலிருந்து. கணக்கு நோட்டு வண்டியிலேயே இருக்கும். இறங்குவதற்கு முன் உரக்க வாசித்து, அங்கேயே பிரித்துக்கொடுத்துவிடுவோம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. முன்பணம் பாதி; மீதிப் பணம் மேடை ஏறுவதற்கு முன். கச்சேரி முடிந்த பிறகு பொருளாளரைத் தேடினால், ‘இப்போதுதான் வீட்டுக்குப் போனார்’ என்பார்கள். கழுத்தில் சால்வையும் கையில் தேங்காய்ப் பழத் தட்டுமாக வண்டியில் உட்கார்ந்திருக்கும் குழுக்களை மாவட்டம் முழுவதும் பார்க்கலாம்.

எந்த மாதங்களில் வேலை இருக்கும்?

தை முதல் வைகாசி வரை கல்யாணமும் திருவிழாவும் மாறி மாறி வரும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில்கள் உண்டு. ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு விழாவிலும் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியிலும் அரசு மேடை உண்டு. புரட்டாசியும் மார்கழியும் மந்தம். மார்கழியில் ஐயப்ப பூஜைக்குப் பஜனை வாசிக்கப் போவோம். கருவிகளைப் பழுது பார்க்க அதுதான் காலம்.

தெருக்கூத்தும் டி.ஜே.யும் உங்கள் இடத்தைப் பிடித்துவிடவில்லையா?

கூத்து எங்கள் இடத்தைப் பிடிக்கவில்லை, இடமே அதனுடையதுதான். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடி, கடைசி நாள் துரியோதனன் படுகளம் நடக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். சில ஊர்களில் கூத்துக்கு முன் ஒன்றரை மணி நேரம் எங்களை வைப்பார்கள். கட்டியக்காரன் சத்தம் திரைக்குப் பின்னால் கேட்டதும் கூட்டம் பாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடும். நாங்களும் ஒயரைச் சுருட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவோம்.

டி.ஜே. வேறு கதை. அதற்குச் சம்பளம் ஒருவருக்கு மட்டும். சாப்பாட்டு இலையும் ஒன்று. விலையில் நாங்கள் போட்டியிட முடியாது.

வரவேற்பு நிகழ்ச்சிகளில் யாரும் கேட்பதே இல்லையே?

கேட்க மாட்டார்கள். மணமக்கள் புகைப்படத்துக்கு நிற்பார்கள், மற்றவர்கள் பந்திக்கு ஓடுவார்கள், உறவுகள் பத்து ஆண்டுக் கதையைப் பேசுவார்கள். அங்கே சத்தத்தைக் கூட்டிக் கவனத்தைப் பிடிக்க நினைப்பது அநாகரிகம். மெதுவான பாட்டுகளாக, பேச்சுக்குக் கீழே ஓடும்படி வாசியுங்கள். எங்களுக்கு அது ஊதியத்தோடு ஓர் ஒத்திகை. புதிய பாட்டுகளை அங்கேதான் சோதித்துப் பார்ப்போம்.

ஓசூர்ப் பக்கம் குளிரில் கருவிகள் சுருதி விலகுகின்றன. ஏன்?

குளிரில் இரும்புக் கம்பி சுருங்கி இறுகும். கிட்டார் சுருதி ஏறும். காற்று குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் குறையும். புல்லாங்குழல் சுருதி இறங்கும். ஈரப்பதத்தில் தபேலாத் தோல் தொய்யும். கீபோர்டு மட்டும் அசையாமல் நிற்கும். ஆகவே எல்லோரும் அதற்குத்தான் வர வேண்டும். மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே உறையிலிருந்து கருவிகளை எடுத்து வெளிக்காற்றில் வையுங்கள். குழலை ஊதிச் சூடேற்றிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

உடம்புக்கு ஏதேனும் கெடுதல் உண்டா?

காது. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ரிதம் பேட் கலைஞரும் நானும் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுவோம். மருந்துக் கடையில் விற்கும் நுரைக் காதடைப்பான் மலிவானது. கச்சேரிக்கு மறுநாள் காலை காதில் ‘ங்ங்’ என்று கேட்டால் அது எச்சரிக்கை.

அடுத்தது தூக்கம். சேலம் பக்கம் கச்சேரி முடித்து அதிகாலையில் தொப்பூர்க் கணவாய் வழியே திரும்பாதீர்கள். சரக்கு லாரிகள் இறங்கும் அந்தச் சரிவில் விழித்திருக்கும் ஓட்டுநர்களே திணறுகிறார்கள். மண்டபத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள்.

முதல் கீபோர்டு எது வாங்கலாம்?

61 கட்டை, விரல் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் வகை, பழையதாக இருந்தாலும் போதும். ஹெட்போன் போட்டு ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் ஓங்கியும் தட்டிப் பாருங்கள். அடாப்டரோடு வாங்குங்கள்.

வீட்டில் என்ன சொல்வது?

கச்சேரித் தேதியைக் காலண்டரில் முதலில் அவர்களே எழுதட்டும். மாமியார் வீட்டு விசேஷத்தன்று கச்சேரி ஒப்புக்கொள்ளாதீர்கள். இதற்கு மேல் எனக்கு யோசனை இல்லை.

உங்கள் குழுவில் சேர இடம் இருக்கிறதா?

பாடகர்கள் வேண்டாம், காத்திருப்போர் பட்டியலே நீளம். டோலக் வாசிப்பவர் என்றால் உடனே வரலாம். எங்கள் ஆள் வேலை மாற்றலாகிக் கோயம்புத்தூர் போகிறார். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திகை. பத்து என்றால் பத்து. தெலுங்குப் பாட்டு பாடத் தெரிந்த டோலக்காரர் என்றால் வண்டியில் சன்னலோர இருக்கை அவருக்கே.